பின்னந்தலை மல்சுக் அக்காவுக்கு

கல்யாணம் பேசி முடிக்க மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வடக்கே சுன்ச்சோனிலிருந்து வருகிறார்கள் என்று போனில் என் மகள் சேரின் சொன்னதும், நான் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மாவுக்கு முடி எப்படி?" என்பதுதான்.

"என்னம்மா கேள்வி இது? முடி மாதிரிதான் இருக்கு" என்றாள் சேரின்.

"பெர்ம் பண்ணிச் சுருட்டியிருக்காங்களா, இல்லையா?"

"தெரியல. அழகா இருக்கும். நீ எப்படி இருக்கியோ அப்படியே வா, போதும்." பிறகு, "அந்த ரப்பர் பேண்ட் மட்டும் வேணாம்மா" என்றாள்.

என் பெயர் பொக்னிம். தெற்கே கடலோர யோசு சந்தையில் கடுகுக்கீரையை மிளகாய் விழுதில் ஊறவைத்து, கிம்ச்சி செய்து விற்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரே கோலம்தான். குதிரைவால் கனத்துக்கு நேர்முடி, அதை இறுக்கி இழுத்து ஒரு ரப்பர் பேண்ட், அதற்கு மேல் வலைத்தொப்பி. கிம்ச்சியில் முடி விழுந்தால் வாடிக்கை போய்விடும் என்று பழகிய பழக்கம், கடைக்கு வெளியிலும் என்னோடு ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் கடை மூடும்போது குளிர்பெட்டிக் கண்ணாடியின் முன் நின்று ரப்பர் பேண்டை உருவிப் பார்த்தேன். முடி இரண்டு பக்கமும் விறைப்பாகத் தொங்கியது, காயப்போட்ட நூடுல்ஸ் போல. விரலில் ஒரு கொத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு பார்த்தேன். விட்டதும் நேராகிவிட்டது. மறுபடி சுற்றினேன். பெர்ம் பண்ணிக்கொண்டால் என்ன? அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஐம்பத்தொரு வயதில் இதற்கா இப்படி என்று எனக்கே சிரிப்பு வந்தது.

வீட்டில் என் கணவர் சாங்சிக் டி.வி.யில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் பெர்ம் பண்ணிக்கட்டுமா?"

"பண்ணிக்கோ" என்றார். பந்து எங்கேயோ பறந்து விழுந்தது. பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "இரு, இரு. யார்கிட்ட? மல்சுக் அக்காகிட்டயா?"

"ஏன், என்ன?"

"வேண்டாம்மா. அப்புறம் சந்தையில உன்னை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. சந்தை முனையில், அரிசிக்கேக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது மல்சுக் அக்காவின் பார்லர். ஐம்பது தாண்டிய சந்தைப் பெண்கள் அத்தனை பேர் தலையும் அவள் கைவேலைதான். பொடிப்பொடியாக, இறுக்கமாக, காலிஃப்ளவர் பூ மாதிரி சுருட்டிவிடுவாள். வசந்தத்தில் போட்டால் அறுவடைத் திருநாள் வரைக்கும் அசையாது. மருந்து ஊறுகிற நேரத்தில் ரோலரும் துண்டும் கட்டிய தலையோடு பெண்கள் என் கடைக்கு வந்து கீரை பேரம் பேசுவார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் தெரியாது. நெத்திலிக் கருவாட்டுக் கடைக்காரர் ஒருநாள் தன் மனைவி என்று நினைத்து மீன்கடைக்காரியின் முதுகில் தட்டி, "சோறு போடுடி" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி ஒரு கானாங்கெளுத்தியை ஓங்கியதைப் பார்த்ததும் ஓடியிருக்கிறார்.

இதில் எனக்கு இன்னொரு சங்கடம். மல்சுக் அக்கா எனக்கு வெறும் பார்லர்க்காரி இல்லை. சேரின் பிறந்தபோது எனக்குப் பத்தியக் கடற்பாசி சூப் வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தான். தினம் காலையில் என் கடை முன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடிக்காமல் தன் கடையைத் திறக்க மாட்டாள். முடி வெட்ட அவளிடம்தான் போவேன். ஒவ்வொரு முறையும் என் முடியைக் கையில் அள்ளி நிறுத்துப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, "இப்படி ஒரு முடியை வச்சுக்கிட்டு ரப்பர் பேண்டு போடறியே, பாவி. ஒருநாள் என் கையில குடுடி" என்பாள். நான் மருந்து வாடை ஒத்துக்கொள்ளாது என்று பொய் சொல்லித் தப்பிப்பேன்.

இப்போது பெர்மும் வேண்டும், காலிஃப்ளவரும் வேண்டாம். அக்கா மனமும் நோகக் கூடாது. என்ன செய்வேன்?

மறுநாளிலிருந்து எனக்கு மனிதர்களின் முகமே கண்ணில் படவில்லை. எல்லாம் தலைதான். கிம்ச்சி வாங்க வருகிறவர்களின் தலை, டி.வி.யில் செய்தி படிக்கிறவளின் தலை, வங்கியில் வரிசையில் நிற்கிறவர்களின் தலை. ஒருத்தியின் சுருள் அழகாக இருந்தால் மிச்சச் சில்லறையை மறந்துவிட்டு நின்றேன்.

அப்படி ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் ஏறி உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். தோள்வரை முடி. மேலே சாதாரணமாக இறங்கி, காதுக்குக் கீழே பெரிய பெரிய அலையாகப் புரண்டு கிடந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் அந்த அலையும் மெல்ல ஆடி அடங்கியது. நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை. அடுத்த நிறுத்தமும் போனது. அவள் இறங்கியபோது நானும் கீரைப் பையோடு பின்னால் குதித்து இறங்கி ஓடினேன்.

"அம்மா, அம்மா! கொஞ்சம் நில்லுங்க!"

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். "என்ன வேணும்?"

எனக்கு மூச்சு வாங்கியது. "உங்க முடி. எங்க பண்ணினீங்க?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நடைபாதையிலேயே எனக்காக ஒரு முறை முழுசாகச் சுற்றிக் காட்டினாள். "படகுத்துறைக்கு எதிர்ல, மருந்துக்கடை மாடியில. ஜுன்மோன்னு ஒரு பையன். சூட்டு பெர்ம் போடுவான். கை என்னமோ பூ மாதிரி. ஆனா பேசிக்கிட்டே இருப்பான், அதைத் தாங்கிக்கணும்."

அங்கேயே நின்று போன் செய்து, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு இடம் கேட்டு வாங்கிவிட்டேன். போனை வைத்த பிறகு எந்தப் பக்கம் நடக்கிறேன் என்றே தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்தேன்.

மறுநாள் காலை மல்சுக் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் எடுத்த எடுப்பில், "சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்களாமே?" என்றாள். என் கணவர் யாரிடமோ உளறியிருக்கிறார்.

"ஆமாக்கா. ஞாயித்துக்கிழமை."

"அப்ப இந்தத் தடவை தப்பிக்க முடியாது. வா, தலையைக் குடு. சம்பந்திம்மா மயங்கி விழற மாதிரி பண்ணிவிடறேன்."

"ஐயோ, பெர்மெல்லாம் வேணாம்கா. சும்மா சீவிக்கிட்டுப் போறேன்." பொய் சொல்லும்போது நான் கீரையைத் தேவைக்கு மேல் அழுத்திப் பிசைவேன். உப்பு தெறித்தது.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு திட்டு விழும். அன்றைக்கு விழவில்லை. "சரி, உன் இஷ்டம். எப்படியும் வெள்ளிக்கிழமை நான் கடை தொறக்கல. பல் டாக்டரைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மிச்சக் காப்பியை மடமடவென்று குடித்து எழுந்து போனாள். எனக்கோ வெள்ளிக்கிழமை அவள் சந்தையிலேயே இருக்க மாட்டாள் என்ற சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை கடையைக் கணவரிடம் ஒப்படைத்தேன். பூண்டு வாடை போக எலுமிச்சம்பழம் தேய்த்துக் கைகழுவினேன். தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு, மீன் காயப்போடும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். மாடிப்படியில் பாதி வழியில் திரும்பி இறங்கி, மறுபடி ஏறினேன். இருபது வயதில் சாங்சிக்கை முதல்முதலாகப் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பயமில்லை.

ஜுன்மோ வாசலிலேயே வந்து குனிந்து வணக்கம் சொன்னான். அவன் தலையே ஒரு விளம்பரம்தான், நாய்க்குட்டி மாதிரி சுருள்சுருளாக. "வாங்கம்மா, வாங்க! நடுங்குறீங்களே, குளிரா, பயமா? பயம்னா காப்பி தர்றேன், குளிர்னா டீ. ரெண்டும்னா ரெண்டும் தர்றேன்." பேசிக்கொண்டே என் தொப்பியை வாங்கி மாட்டி, ரப்பர் பேண்டைக் கழற்றி, முடியை விரலால் கோதிப் பார்த்தான். "அம்மா, இது மருந்தே படாத முடியா?"

"படலப்பா."

"கடவுளே!" என்று கையைக் கும்பிடுவதுபோல் சேர்த்தான். "இந்த மாதிரி முடி இப்ப யார்கிட்ட இருக்கு?"

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். தலை நிறையத் தடித்த ரோலர்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் கிளம்பி, தலைக்கு மேலே தொங்கிய மெஷினுக்குப் போனது. முகத்தை ஒட்டி ஒரு பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததிலிருந்து பக்கம் திருப்பவில்லை. பழக்கமில்லாத இடத்தில் எனக்கிருந்த கூச்சம்தான் அவளுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜுன்மோ ஒரு தடித்த ரோலரை எடுத்து என் காதோரம் வைத்துக் காட்டினான். "தலை பூரா இந்த சைஸ் போட்டுடறேன்மா. பெரிய அலையா, லேசா வரும். போன்ல சொன்னீங்களே, அந்த பஸ் அம்மா, அவங்களுக்கும் இதேதான்."

"அந்தத் தலைக்கு அது நிக்காது, தம்பி."

குரல் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். தினம் காலையில் காப்பி கேட்கிற குரல்.

"அக்கா?"

பத்திரிகை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"மல்சுக் அக்கா! பல் டாக்டரு?"

பத்திரிகை மெதுவாக இறங்கியது. ரோலருக்கும் ஒயருக்கும் நடுவே மல்சுக் அக்காவின் முகம், நன்றாக வெந்த இறால் மாதிரி சிவந்து இருந்தது. "மருந்து வாடை ஒத்துக்காதுன்னியே? நீ இங்க என்னடி பண்றே?"

இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று நினைவில்லை. அவள் குலுங்கக் குலுங்க ஒயர்களெல்லாம் ஆடின. நான் போர்த்தியிருந்த துணியால் கண்ணைத் துடைத்தேன். ஜுன்மோ காப்பித் தட்டோடு நடுவில் நின்று எங்களை மாறிமாறிப் பார்த்தான்.

"தம்பி, இவங்களும் பார்லர் வச்சிருக்காங்க. சந்தை முனையில" என்றேன்.

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு வளையக் குனிந்தான். "ஐயோ, சீனியரா? சொல்லவே இல்லையே! அந்தச் சந்தைப் பெர்ம் உங்களோடதா? எங்கம்மா அதைப் போட்டுக்கிட்டு மலையேறப் போயிட்டு வந்தாங்க, ஒரு முடி கலையல!"

அந்தப் புகழ்ச்சியில் அக்கா கொஞ்சம் நிமிர்ந்தாள். பிறகு என்னிடம் குரலைத் தணித்துச் சொன்னாள். "என் தலையை நானே எத்தனை நாளைக்குச் சுத்திக்கிறது? கை பின்னாடி எட்ட மாட்டேங்குது. அதோட… எனக்கும் ஒரு தடவை பெருசா போட்டுப் பாக்கணும்னு ஆசைடி. நம்ம ஆளுங்க பெருசா போட விடுவாங்களா? 'ஒரு மாசத்துல அவுந்துடும், பொடியா போடு, இறுக்கிப் போடு'ம்பாங்க. நீ வருவே, உன் முடியிலயாவது போடலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீதான் வரவே இல்லையே."

அவள் காலிஃப்ளவரைத்தான் போடுவாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஓடியிருக்கிறேன். ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா, "அக்கா, எனக்கு என்ன போடுவே?" என்று?

"சரி, இப்ப சொல்லுக்கா. ஏன் நிக்காதுன்னே?"

"உன் பின்கழுத்து முடி தொடப்பக்குச்சி மாதிரி. எத்தனை தடவை வெட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? மேல பெருசு போடலாம். பின்னாடி நடு சைஸ் போட்டாத்தான் அலை நிக்கும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை சம்பந்திம்மா முன்னாடி மேல பொண்ணாவும் பின்னாடி தொடப்பமாவும் நிப்பே."

ஜுன்மோ என் பின்கழுத்து முடியை விரலில் சுற்றி விட்டுப் பார்த்தான். அது விறைத்துக்கொண்டு நின்றது. "சீனியர் சொல்றது சரிதான்" என்றான். உடனே அக்காவுக்கு ஊக்கம் வந்துவிட்டது.

"அப்படியே முன்னாடி முடியையும் கொஞ்சம் வெட்டி நெத்தியில சுருட்டி விடு."

"அது மட்டும் வேணாம் சீனியர். இவங்க நெத்தி அழகு. மறைக்கக் கூடாது."

"மறைச்சாத்தான் வயசு தெரியாது."

"மறைச்சாத்தான் தெரியும்!"

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கே நீ?"

"நிறுத்துங்க!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தலை என்னோடது. முன்னாடி தம்பி பண்ணட்டும், நெத்தியை மறைக்க வேணாம். பின்னந்தலை அக்காவுக்கு."

"நான் எப்படிடி வர்றது? என்னைத்தான் கட்டிப்போட்டிருக்கானே!" மெஷினின் ஒயர்களைக் காட்டினாள்.

ஜுன்மோ ஒரு நொடி யோசித்தான். பிறகு என் நாற்காலியை அப்படியே சக்கரத்தில் உருட்டி, அக்காவின் மடிக்கு முன்னால் என் முதுகு வருகிற மாதிரி நிறுத்தினான். அவள் ஒயரோடு உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். பின்னால் அவள், முன்னால் அவன். இடையில் நான். மெல்லிய காகிதம், மருந்து, ரோலர் என்று நான்கு கைகள் என் தலையில் வேலை செய்தன. அவன் வாய் ஓயவே இல்லை. படகுத்துறைப் புறாக்களைப் பற்றி, தன் முன்னாள் காதலியைப் பற்றி, அவள் பெர்மைப் பற்றி. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் விரல் என் பின்கழுத்தில் எவ்வளவு மெதுவாக நடந்தது! ஒரு முடி சுருக்கென்று இழுபடவில்லை. இடையில் அவள் மெஷின் கூவி அவளுக்கு நேரமாயிற்று என்றது. "கத்தட்டும், இரு" என்றாள்.

பிறகு ஒயர் எனக்கு மாறியது. தலை வெதுவெதுப்பாகச் சூடேறியது. அக்காவின் ரோலர்களை ஜுன்மோ கழற்றினான். ஒவ்வொன்றும் கழலக் கழல ஒரு வளையம் துள்ளி விழுந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். "எப்படிடி இருக்கு? சொல்லு. நல்லா இல்லன்னா சொல்லாதே."

"கண்ணைத் தொற அக்கா."

திறந்தாள். கன்னத்தோரம் புரண்ட அலையை ஒரு விரலால் தொட்டாள். தலையை இந்தப் பக்கம் ஆட்டினாள். அந்தப் பக்கம் ஆட்டினாள். பிறகு எதுவும் சொல்லாமல் ஜுன்மோவின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவன் முன்னால் தடுமாறிப் போனான். அவளுக்குச் சந்தோஷம் அளவுக்கு மீறினால் அப்படித்தான்.

என் முறை வந்தது. கழுவி, துடைத்து, ஜுன்மோ விரலால் திருகித் திருகிக் காய வைத்தான். எனக்கு முதலில் கண்ணில் பட்டது என் காதுதான். இத்தனை வருஷமாக வெளியே துருத்திக்கொண்டிருந்த காதுகளைக் காணோம். அந்த இடத்தில் அலை. நெற்றிக்கு மேலே மென்மையாக எழும்பி, காதைத் தாண்டி, தோளில் போய்ச் சுருண்டு கிடந்தது. அக்கா கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினாள். பின்னந்தலை முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கம். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. எழுந்து நின்று குதித்துப் பார்த்தேன். அலையும் குதித்தது. மறுபடி குதித்தேன். கீழே மருந்துக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

இரண்டு பேரும் மீன் காயப்போடும் சந்து வழியாகப் போகவில்லை. கை கோத்துக்கொண்டு நேராகச் சந்தையின் நடுவிலேயே நடந்தோம். நெத்திலிக்காரர் முதலில் எங்களுக்கு வழிவிட்டு நின்றார், யாரோ சியோல்காரிகள் என்று. அடையாளம் தெரிந்ததும், "ஏய்! ஏய்!" என்று கூவினார். பெண்கள் கடையை அப்படி அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். எங்கே போட்டது, யார் போட்டது என்று ஒரே இரைச்சல். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"படகுத்துறை மாடியில ஒரு பையன்" என்றாள் அக்கா உரக்க. "என் தலை அவன் போட்டது. இவ தலையில பாதி நான் போட்டது. யாருக்குப் பெருசா வேணும்? இப்பவே சொல்லுங்க, நாளைக்குப் போடறேன். அவுந்துடும்னு மட்டும் எவளாவது சொன்னீங்க, பாத்துக்கங்க!"

மீன்கடைக்காரி முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். என் கணவர் என் கடையிலிருந்து கிம்ச்சிக் கையுறையோடு எட்டிப் பார்த்து, என்னைத் தாண்டிப் பார்வையை ஓட்டினார், திரும்பினார், மறுபடி பார்த்தார். கையுறையிலிருந்து மிளகாய் விழுது சொட்டுச் சொட்டாக அவர் செருப்பில் விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில் தனி அறை எடுத்திருந்தோம். சம்பந்தி நெட்டையான மனிதர். சம்பந்தியம்மா சாம்பல் நிற உடுப்பில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முடியைக் காதளவுக்கு நறுக்கென்று வெட்டி, ஒரு இழைகூட அசையாமல் படிய வைத்திருந்தார். எல்லோரும் வணங்கினோம். பயணம் எப்படி என்று கேட்டோம். நன்றாக இருந்தது என்றார்கள். வெயில் பரவாயில்லை என்றார்கள். ஆமாம் என்றோம். அதற்குப் பிறகு மேசையில் இருந்த இருபது வகைத் தொடுகறிகளையும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சேரின் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். என்ன பேசச் சொல்கிறாள் என்று புரியவில்லை. மாப்பிள்ளை தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கை கழுவ எழுந்தேன். பின்னாலேயே சம்பந்தியம்மாவும் வந்தார். குழாயடியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். கண்ணாடியில் அவர் பார்வை என் தலையிலேயே இருந்தது. எனக்குத் திக்கென்றது. ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ?

"தப்பா நெனைக்காதீங்க" என்றார் அவர் மெதுவாக. "உங்க முடியை… ஒரே ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?"

தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். அவர் ஒரு அலையை விரலில் பிடித்து இழுத்து விட்டார். அது துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கே போனது. அவர் வாயிலிருந்து, "அம்மாடி" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. இன்னொன்றையும் இழுத்து விட்டார்.

"நானும் இதைத்தாங்க பண்ணணும்னு போனேன். கடைசி நேரத்துல பயந்துட்டேன். இப்படி வெட்டி விட்டுட்டாங்க. வர்ற வழியெல்லாம் ரயில்ல அழுகையா வந்துச்சு. உங்க முன்னாடி இந்தத் தலையோட எப்படி உக்கார்றதுன்னு…" அவர் கண் கலங்கியிருந்தது.

"அட, என்னங்க நீங்க!" குழாயைத் திறந்து கையை நனைத்தேன். "குனியுங்க."

சுன்ச்சோன்காரி, நாளைக்கு என் மகளுக்கு மாமியார். மறுபேச்சில்லாமல் குனிந்தார். மல்சுக் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, அடிமுடியில் ஈரவிரலை விட்டுக் கலைத்தேன். படிய வைத்திருந்ததெல்லாம் எழும்பியது. ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, நெற்றியில் கொஞ்சத்தை இழுத்துவிட்டேன். அவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். சிரிக்கும்போது கன்னத்தில் ஒரு குழி விழுவதை அப்போதுதான் பார்த்தேன். மாப்பிள்ளைக்கும் அதே குழி.

"எத்தனை மணிக்கு உங்க ரயில்?" என்று கேட்டேன்.

"சாயங்காலம்."

"அப்ப நேரம் இருக்கு. எனக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஒரு போன் போட்டா ஞாயித்துக்கிழமைன்னாலும் தொறப்பாங்க. போலாமா?"

"சாப்பிட்டதும் போயிடலாம்" என்றார் சம்பந்தியம்மா. நான்தான் அவரிடம் கேட்டேன், ஆனால் அறைக்கு என்னை இழுத்துக்கொண்டு முதலில் நடந்தது அவர்தான்.